காபிக் கொட்டை வறுக்கலாம் வாங்க... மெஷின் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

நண்பர் வீட்டில் குடித்த ஒரு காபி நாக்கிலேயே நிற்கிறது. மறுநாள் காலையிலிருந்து மொபைலில் தேடல் ஆரம்பம். எஸ்பிரெஸ்ஸோ மெஷின், பிரெஞ்ச் பிரஸ், மோக்கா பாட் என்று வரிசையாக விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. மாதத் தவணை வசதியும் இருக்கிறது. ஆசை ஆசையாக மெஷினை வாங்கி, சமையலறை மேடையில் வைத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மெஷின் பரணில் இருக்கிறது. காலை டிகாஷன் பழையபடி எவர்சில்வர் ஃபில்டரில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இது பல வீடுகளில் நடக்கிற கதைதான். இதில் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. காபியின் ருசியைத் தீர்மானிப்பவை முதலில் கொட்டை, அடுத்து வறுவல், அதற்கடுத்து அரவை. மெஷின் இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. நாமோ கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிடுகிறோம்.

வறுத்து அரைத்த வீடுகள்

ஏமனில் இருந்து ஏழு காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூரு மலையில் விதைத்தவர் பாபா புதன் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நம் பக்கம், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபியை அறிமுகம் செய்தார். இன்று சேர்வராயன் மலை, கொடைக்கானலின் கீழ்மலைப் பகுதிகள், நீலகிரி, வால்பாறை என்று தமிழ்நாட்டின் பல மலைகளில் காபி விளைகிறது.

ஆனால் காபி குடிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்குள் எளிதாக நுழைந்துவிடவில்லை. அது உடம்பைக் கெடுக்கும் புதுப் பழக்கம் என்று ஒரு காலத்தில் கண்டனங்கள் எழுந்தன. பிறகு அதுவே நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக மாறியது. இந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவையாக எழுதியிருக்கிறார்.

காபி வீட்டுக்குள் வந்தபோது பாக்கெட் பொடியாக வரவில்லை, பச்சைக் கொட்டையாக வந்தது. இரும்பு வாணலியிலோ, கைப்பிடியைச் சுற்றும் உருளை வறுப்பானிலோ கரி அடுப்பின் மேல் வறுத்தார்கள். மேஜை ஓரத்திலோ பலகையிலோ திருகிப் பொருத்திய கை மெஷினில் அன்றன்றைக்குத் தேவையானதை அரைத்தார்கள். வறுக்கும் நாளில் அந்த வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும்.

இன்று உலகம் முழுக்க காபிப் பிரியர்கள் புதிய கண்டுபிடிப்பு போலப் பேசுகிற 'ஹோம் ரோஸ்டிங்' இதுதான். நம் பாட்டிமார்கள் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை, அவ்வளவே.

மெஷினுக்கு முன் கிரைண்டர்

வறுத்த கொட்டையை முழுதாக, காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு, மூன்று வாரங்கள் வரை மணம் நன்றாக இருக்கும். அதையே பொடியாக்கிவிட்டால் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. டப்பாவைத் திறக்கும்போது 'கமகம'வென்று மூக்கில் ஏறுகிறதே, டம்ளருக்குள் வர வேண்டிய மணம்தான் அப்படிக் காற்றோடு போகிறது. அதனால், காபிக்காக ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அது கிரைண்டராக இருக்கட்டும்.

கிரைண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மிக்ஸி போல பிளேடு சுழன்று கொட்டையை வெட்டுவது. இதில் கொஞ்சம் மாவாகும், கொஞ்சம் குருணையாக நிற்கும். மாவு போன்ற பகுதி கசப்பை அதிகமாக இறக்கும். குருணையிலோ சாரம் முழுதாக இறங்காமல் புளிப்பு தட்டும். ஒரே டம்ளரில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான்.

இன்னொன்று 'பர்' கிரைண்டர். இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கிப் பொடியாகும். சக்கரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, நைஸாகவோ கொரகொரப்பாகவோ ஒரே சீராக அரைக்கலாம். கையால் சுற்றும் வகை சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. மின்சாரத்தில் ஓடுவதற்கு விலை கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்தில் மேஜையில் திருகிப் பொருத்திய இரும்பு மெஷினும் இதே தத்துவத்தில் அரைப்பதுதான். உங்கள் ஊர் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருவைச் சுத்தம் செய்து, ஒரு பிடி பழைய கொட்டையைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டால் மறுபடி வேலைக்குத் தயாராகிவிடும். பல் மழுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் வாங்கும் வரை மிக்ஸியே போதும். ஆனால் தொடர்ந்து ஓட விடக் கூடாது, ஜார் சூடாகி மணம் போய்விடும். மூன்று, நான்கு விநாடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். காபிக்கென்று ஒரு சிறிய ஜாரைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த ஜாரின் வாசனை எத்தனை முறை கழுவினாலும் டிகாஷனில் தெரியும்.

உங்கள் வீட்டில் எந்தக் காபி?

கருவி வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'எது பெஸ்ட்?' என்பதல்ல. 'எங்கள் வீட்டில் எப்படிக் காபி குடிக்கிறோம்?' என்பதுதான்.

பால் காபி குடிப்பவர்களுக்கு: ஃபில்டரை மிஞ்ச ஒன்றும் இல்லை. கள்ளிச்சொட்டு போன்ற கெட்டி டிகாஷன் இறங்கினால்தான் பாலின் ருசியைத் தாண்டிக் காபி தெரியும். நல்ல எவர்சில்வர் ஃபில்டர் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. பித்தளை ஃபில்டர் பார்க்க அழகுதான். ஆனால் உள்பக்கம் கலாய் பூசியிருக்க வேண்டும், அது தேயத் தேய மறுபடி பூசவும் வேண்டும். காபியில் அமிலத்தன்மை இருப்பதால் கலாய் இல்லாத பித்தளையில் டிகாஷனை வைப்பது நல்லதல்ல.

கொஞ்சம் மாற்றம் வேண்டுபவர்களுக்கு: 1933-ல் இத்தாலியில் உருவான மோக்கா பாட் ஒரு நல்ல தேர்வு. அடியில் தண்ணீர், நடுவில் பொடி. அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் பாலுக்குத் தாங்கும் டிகாஷன் ரெடி. தீ சிறியதாக இருக்கட்டும். அலுமினிய மோக்கா பாட் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது, அதற்கென்று ஸ்டீல் வகை இருக்கிறது.

பால் சேர்க்காதவர்களுக்கு: பிரெஞ்ச் பிரஸ்ஸில் கொரகொரப்பான பொடியையும் வெந்நீரையும் ஊற்றி நான்கு நிமிடம் விட்டு அழுத்தினால் போதும். காகித வடிகட்டி வழியாகச் சொட்டவிடும் முறையில் இன்னும் தெளிவான காபி கிடைக்கும். காபியில் இருக்கும் எண்ணெய்ப் பொருள்களில் சில, கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியவை. அவற்றைக் காகிதம் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் இந்த இரண்டு முறைகளிலும் வருகிற காபியில் பாலை ஊற்றினால் நம் நாக்குக்கு அது தண்ணிக் காபிதான். ஆசைப்பட்டு வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எஸ்பிரெஸ்ஸோ மெஷின்: சுமார் 9 பார் அழுத்தத்தில், 25 முதல் 30 விநாடிக்குள் காபியை இறக்குவதுதான் எஸ்பிரெஸ்ஸோ. '15 பார்', '20 பார்' என்று விளம்பரத்தில் வருவது பம்பின் அதிகபட்சத் திறன். அந்த எண் பெரிதாக இருப்பதால் காபி ருசியாகிவிடாது. இதற்கு மிக நைஸாக, துல்லியமாக அரைக்கும் கிரைண்டர் கட்டாயம் தேவை. மெஷினுக்கு ஒரு பட்ஜெட் போட்டால், கிரைண்டருக்கும் தனியாக ஒன்று போட வேண்டும். தவிர, போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் உள்ளே உப்பு படியும், அடிக்கடி அதை நீக்க வேண்டியிருக்கும். தினமும் இதற்கென்று நேரம் ஒதுக்கும் ஆர்வம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பச்சைக் கொட்டை வாங்கும்போது...

சொந்தமாக வறுத்து விற்கும் காபிக் கடைகள் சிலவற்றில் கேட்டால் பச்சைக் கொட்டை தருவார்கள். மலைப் பகுதித் தோட்டங்களில் இருந்து ஆன்லைனிலும் வாங்கலாம். அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதால், அதற்கடுத்த மாதங்களில் புதுக் கொட்டை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடையில் காதில் விழும் பெயர்கள் சில. அரபிகாவில் மணம் அதிகம், கசப்பு குறைவு. ரோபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம், கஃபீனும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழத்தைக் கழுவி, சதை நீக்கிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டைதான் 'பிளான்டேஷன் ஏ'. வழக்கமாக ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் 'பீபெரி'. வாணலியில் நன்றாக உருளும் என்பதால் சீராக வறுபடும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு வசதி.

நல்ல பச்சைக் கொட்டை நீலம் கலந்த பச்சையாகவோ வெளிர் பச்சையாகவோ, ஒரே அளவில் இருக்கும். பூஞ்சை வாடை, கறுத்த கொட்டை, துளை விழுந்த கொட்டை இருந்தால் வேண்டாம். ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் ஆறு மாதத்துக்கு மேலும் தாங்கும். பொடியைவிடப் பச்சைக் கொட்டையைச் சேமித்து வைப்பது எளிது.

இரும்பு வாணலி போதும்!

முதல் முறைக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கனமான இரும்பு வாணலி, நீளமான மரக்கரண்டி, ஒரு முறம், ஒரு ஃபேன். நான்-ஸ்டிக் பாத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். காபி வறுக்கத் தேவைப்படும் சூட்டில் அதன் பூச்சு கெட்டு, கெடுதலான புகை வர வாய்ப்பு உண்டு.

* 200 முதல் 250 கிராம் வரை எடுத்து, கல், கெட்ட கொட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள். கழுவ வேண்டாம். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுங்கள். புகை நிச்சயம் வரும்.

* வாணலி காய்ந்ததும் நடுத்தரத் தீயில் கொட்டையைப் போட்டுக் கிளற ஆரம்பியுங்கள். கை நிற்கக் கூடாது. நின்றால் ஒரு பக்கம் கருகி, உள்ளே பச்சையாக இருக்கும்.

* முதல் சில நிமிடங்களில் பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும். 'இதுவா காபி?' என்று தோன்றும், கவலைப்படாதீர்கள். அடுத்து ரொட்டி வாட்டும் வாசனை வந்து, இளம் பழுப்பு நிறம் பிடிக்கும்.

* எட்டு முதல் பத்து நிமிடத்தில், கொட்டையின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, சோளப்பொரி பொரிவது போலப் 'பட் பட்' என்று வெடிக்கும். இதுதான் முதல் வெடிப்பு. உள்ளிருக்கும் நீராவி கொட்டையைப் பிளந்துகொண்டு வரும் சத்தம். கொட்டை உப்பிப் பெரிதாகும்.

* இந்த வெடிப்பு அடங்கியதும் தீயைக் குறையுங்கள். பால் சேர்க்காத காபிக்கு இதுவே போதும். ஃபில்டர் காபிக்கு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் வறுத்து, நல்ல பழுப்பு நிறம் வந்ததும் இறக்கிவிடலாம்.

* அதையும் தாண்டினால் சன்னமாக, வேகமாக இரண்டாவது வெடிப்பு ஆரம்பிக்கும். மேலே எண்ணெய் மினுமினுக்கும். அதற்கு மேல் விட்டால் கரிதான் மிஞ்சும். இந்த இடத்தில் அரை நிமிடம்கூட ருசியை மாற்றிவிடும். போன் வந்தாலும் எடுக்காதீர்கள்!

* அடுப்பை அணைத்தாலும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். உடனே முறத்தில் கொட்டி, ஃபேன் அடியில் பரப்பி, ஆறவிட்டுப் புடைத்து எடுங்கள். வெள்ளித்தோல் எனப்படும் மெல்லிய சருகு பறந்துவிடும். அது சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைத்துப் புடைக்க வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

250 கிராம் போட்டால் சுமார் 210 கிராம்தான் திரும்ப வரும். ஈரம் வெளியேறுவதால் எடை குறைவது இயல்பு. பச்சைக் கொட்டை, வறுத்த கொட்டை விலைகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பொறுங்க...

சுடச்சுட வறுத்ததை உடனே அரைத்துக் குடிக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால் வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும். அது பொடிக்குள் தண்ணீர் சீராக இறங்குவதைத் தடுக்கும். ஒருநாள் விட்டு அரைத்தால் டிகாஷன் ஒழுங்காக இறங்கும். அதுவரை டப்பாவை இறுக்கி மூடாமல் லேசாகத் தளர்த்தி வையுங்கள்.

ஃபில்டருக்கு ரவையைவிட நைஸாக, மாவைவிடக் கொரகொரப்பாக அரையுங்கள். டிகாஷன் இறங்கவே இல்லையென்றால் அரவை ரொம்ப நைஸ். ஐந்தே நிமிடத்தில் மடமடவென்று இறங்கிவிட்டால் ரொம்பக் கொரகொரப்பு. பொடியை லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீரை ஊற்றி மூடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் சரி.

சிக்கரி சேர்க்கலாமா? அது உங்கள் விருப்பம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும், விலையும் குறைவு. அதனாலேயே பாக்கெட் வாங்கும்போது கவனம் தேவை. சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியே. பாக்கெட்டில் சதவிகிதம் அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். வீட்டில் வறுக்கும்போது முதலில் சிக்கரி இல்லாமல் ஒரு முறை குடித்துவிட்டு, தேவைப்பட்டால் 10 அல்லது 20 சதவிகிதம் சேர்க்கலாம்.

சரி, வறுப்பது யார்?

ஒரு டம்ளருக்குச் சுமார் 8 கிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் தினம் இரண்டு வேளை குடித்தால் 32 கிராம். ஒருமுறை வறுத்தது ஆறு நாள் வரும். வாரம் ஒருமுறை வறுத்தால் போதும். நான்கு பேர் குடிக்கும் வீட்டில் மூன்று நாளில் தீர்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பொறுக்குவது முதல் புடைப்பது வரை முக்கால் மணி நேரம். அதன்பிறகு தினமும் அரைக்கும் வேலை.

அந்தக் காலத்து வாசனையை நினைத்து ஏங்கும்போது நாம் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான். தெருக்கோடி வரை மணத்த அந்தக் காபிக்காகப் புகையில் நின்று கிளறியதும், கை வலிக்க அரைத்ததும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். பொடி கடையிலேயே கிடைக்க ஆரம்பித்தபோது பலருக்கு அது பெரிய விடுதலை. அந்த வேலை மறுபடி வீட்டுக்குள் வருவதென்றால், அது யார் தலையில் விழும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. மெஷினுக்கு ஆசைப்பட்டவர் ஒருவர், அதைக் கழுவுபவர் இன்னொருவர் என்றால், அது பரணுக்குப் போக மூன்று மாதம்கூட ஆகாது.

பெரிய குடும்பங்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. நம்பகமான கடையில், வறுத்த தேதியைக் கேட்டு, முழுக் கொட்டையாக இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். புதிதாக வறுத்த காபியின் ருசியில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். வறுக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கான ஆசையாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

முதல் வாரம், கால் கிலோ வறுத்த கொட்டை வாங்கி மிக்ஸியில் அரைத்து, இருக்கும் ஃபில்டரிலேயே போட்டுக் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், அடுத்து கை கிரைண்டர். அதில் ருசி பிடித்துப்போனால், கால் கிலோ பச்சைக் கொட்டையும் இரும்பு வாணலியும். ஐந்தாறு முறை வறுத்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் வறுக்கும் மெஷினைப் பற்றியோ, எஸ்பிரெஸ்ஸோவைப் பற்றியோ யோசிக்கலாம். அதற்குள் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் முறை கொஞ்சம் கருகத்தான் செய்யும். அதையும் தூக்கிப்போட வேண்டாம். கொஞ்சம் சிக்கரியும் நிறையப் பாலும் சேர்த்தால் அதுவும் குடிக்கும்படி இருக்கும். அடுத்த ஞாயிறு, முதல் வெடிப்பு கேட்டவுடன் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி வீட்டில் எல்லோர் கைக்கும் ஒரு சுற்று வரட்டும்.